புதன்கிழமை மாலையில் தொடங்கிய வியாழன்

இன்றும் மாலை ஆறேகால் மணிக்குச் சுவரிலிருந்த நாள்காட்டியின் தாளைக் கிழித்தேன். அடுப்படியிலிருந்து மருமகள் எட்டிப் பார்த்தாள். “மாமா, இன்னைக்கு இன்னும் முடியல. அதுக்குள்ள கிழிச்சிட்டீங்களா? நான் பலனே பாக்கல,” என்றாள். கசக்கிய தாளை நீவி அவளிடம் கொடுத்தேன். இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவள் கேட்கிற கேள்வி இது. காலையில் கிழிக்க வேண்டியதை மாமா ஏன் முந்தின நாள் மாலையே கிழிக்கிறார் என்று என் மகனிடமும் கேட்டிருக்கிறாள். நான் காரணம் சொன்னதில்லை. உங்களைப் பற்றிச் சொல்லாமல் அதைச் சொல்ல முடியாது. உங்களைப் பற்றிச் சொன்னால் என்னைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கும்.

முந்தாநாள் சேவியர் குளச்சலிலிருந்து அழைத்தான். துபாயில் நீங்கள் ஆடிய நம் கேம்ப்பில் ஜெனரேட்டர் பார்த்துக்கொண்டிருந்த அதே சேவியர். வண்டி ஓட்டிய கான் பாய் பெஷாவரிலிருந்து அவனுக்குச் செய்தி அனுப்பியிருக்கிறார், கெய்ரோவில் நீங்கள் காலமாகிவிட்டதாக. “அக்கா போயாச்சு சாரே,” என்றான். கொஞ்ச நேரம் கழித்து, “லைன்ல இருக்கியளா?” என்று கேட்டான். இருக்கிறேன் என்றேன். உங்கள் மரணச் செய்திக்கு நான் சொன்ன பதில் அவ்வளவுதான்.

இதைத் தமிழில் எழுதுகிறேன். உங்களுக்குத் தமிழில் மூன்றே சொற்கள் தெரியும்: வா, போதும், சுக்குக்காப்பி. மூன்றும் சேவியர் சொல்லிக்கொடுத்தவை. நீங்கள் படிக்க முடியாத மொழியில், நீங்கள் இல்லாதபோது எழுதுவது கோழையின் ஏற்பாடு என்று யாராவது சொன்னால் மறுக்க மாட்டேன். ஆனாலும் நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன். வரிசைப்படுத்துவது ஒன்றுதான் எனக்குத் தெரிந்த வேலை.

கும்பகோணத்தில் ஒரு கல்லூரி நூலகத்தில் இருபத்தாறு வருஷம் புத்தகங்களுக்கு எண் போட்டவன் நான். விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு, மைத்துனன் பேச்சைக் கேட்டு, ஐம்பத்திரண்டு வயதில் துபாய்க்கு வந்தேன். நகரத்திலிருந்து ஒரு மணி நேரத் தொலைவில் பாலைவனத்துக்குள் இருந்தது நம் கேம்ப். சுற்றுலா வந்தவர்களை மணல்மேட்டில் வண்டியில் ஏற்றி இறக்கி, ஒட்டகத்தில் ஒரு சுற்று உட்கார வைத்து, கறி சுட்டுக் கொடுத்து, கடைசியில் பெல்லி டான்ஸ் காட்டி அனுப்புவார்கள். வண்டி வரும் நேரம், விருந்தினர் பட்டியல், எந்த நாளில் என்ன நிகழ்ச்சி, ஆட்டத்துக்குப் பாட்டு போடுவது, எல்லாம் என் பொறுப்பு. பாட்டைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது. அந்த ஆட்டத்தைப் பற்றித் தெரிந்துகொள்ளும் எண்ணமும் இல்லை. ஊரில் யாராவது கேட்டால் ஹோட்டலில் கணினி வேலை என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

முதல் வாரம் முழுக்க நீங்கள் ஆடும்போது நான் சிடி இயந்திரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். எட்டாம் நாள் நீங்கள் முக்காட்டைப் போட்டுக்கொண்டு நேரே என் மேசைக்கு வந்தீர்கள். நாம் பேசியது என் புத்தக ஆங்கிலமும், டிரைவர்களிடமிருந்து நீங்கள் பொறுக்கிக்கொண்ட இந்தியும், கொஞ்சம் அரபியும் கலந்த ஒன்று. “உஸ்தாஸ், நீங்க மெஷினையே பாத்தா நான் எப்ப நிக்கிறேன்னு எப்படித் தெரியும்?” என்று கேட்டீர்கள். படித்தவர்களை உங்கள் ஊரில் உஸ்தாஸ் என்று அழைப்பார்கள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. நான் தலை குனிந்து நின்றேன். நீங்கள் சிரித்துவிட்டு, எங்கே பார்ப்பது என்று பயமாக இருந்தால் என் இடது தோளை மட்டும் பாருங்கள், எல்லாம் அங்கிருந்துதான் கிளம்புகிறது என்றீர்கள். அன்றிலிருந்து இரண்டு வருஷம் நான் உங்கள் இடது தோளைப் பார்த்தேன். என் குறிப்பேட்டில் அதையும் எழுதி வைத்தேன்.

ஆட்டத்தின் முடிவில் தப்லா மட்டும் தனியாக வாசிக்கும் பகுதி வரும். நம் ஊர்த் தபலா அல்ல. மடியில் படுக்க வைத்து வாசிக்கும் குடுவை மாதிரியான மேளம். அதன் நடுவில் நீங்கள் சட்டென்று நிற்பீர்கள். மேளமும் நிற்க வேண்டும். வாசிப்பவர் எதிரில் உட்கார்ந்திருந்தால் அவரே நிற்பார். நம்மிடம் இருந்தது சிடி. அதனால் நான் நிறுத்தி, நான்தான் மறுபடி ஓட விட வேண்டும். முதலில் எனக்கு அந்த அமைதி தாங்கவில்லை. ஏதோ கெட்டுப்போய்விட்டது போலப் பதறி உடனே அழுத்திவிடுவேன். “நான் நிக்கிறப்ப பயந்துடாதீங்க. நாலு எண்ணுங்க. என் தோள் இறங்கும். அப்ப உள்ளே வாங்க,” என்றீர்கள். நான்கு எண்ணப் பழகினேன். அந்த நான்கு எண்ணிக்கைக்குள் மொத்தக் கூட்டமும் பேச்சை நிறுத்திவிடும். ஆட்டத்தில் கடினமான இடம் அதுதான் என்று நீங்கள் சொன்னபோது நான் நம்பவில்லை.

பெல்லி டான்ஸ் என்ற சொல் உங்களுக்குப் பிடிக்காது. ரக்ஸ் ஷர்கி என்பீர்கள், கிழக்கத்திய ஆட்டம். அது பாலைவனத்தின் ஆட்டமே அல்ல, மணலில் எவள் ஆடுவாள், பாதம் புதைந்துவிடும் என்று சொல்லி, சேவியரை விரட்டிப் பலகை அடிக்க வைத்து அதன்மேல் கம்பளம் விரித்தீர்கள். “ஜெனரேட்டர், ஆணி தலை தூக்குது பார்,” என்று அவனை அதட்டுவீர்கள். அவன் பெயரே உங்களுக்கு ஜெனரேட்டர்தான். வளைகுடாப் பெண்களுக்கு வேறு ஆட்டம் இருக்கிறது, நீண்ட அங்கியும் அவிழ்த்த கூந்தலும் வைத்து அவர்கள் தங்களுக்குள் ஆடுவது, அதை இங்கே யாரும் கேட்பதில்லை என்பீர்கள். வேறு கேம்ப்பில் ஆடிய ஒரு ரஷ்யப் பெண்ணைப் பற்றி ஒருமுறை சொன்னீர்கள். நன்றாக ஆடுகிறாளாம், உங்களைவிடச் சுத்தமாகக்கூட. “ஆனா பாட்டுல என்ன சொல்றாங்கன்னு அவளுக்குத் தெரியாது. செத்துப்போனவளை நினைச்சு அழுற பாட்டுக்குச் சிரிச்சுக்கிட்டே ஆடுறா. ஜனங்களுக்கும் அதுதான் பிடிக்குது.”

உங்கள் அம்மா கல்யாணங்களில் ஆடியவர். மணப்பெண்ணுக்கு முன்னால் நடந்து வழியெல்லாம் ஆடிக்கொண்டு போவாராம். அவர் ஆடாத கல்யாணம் கல்யாணமே இல்லை என்பார்களாம். ஆனால் அதே ஜனங்கள் வாடகைக்கு வீடு தர மாட்டார்களாம். எங்கள் பக்கத்திலும் அப்படி இருந்தது என்று நான் மெதுவாகச் சொன்னேன். பிறகு என்ன செய்தீர்கள் என்று கேட்டீர்கள். ஆட்டத்துக்கு வேறு பெயர் வைத்தோம், வேறு வீட்டுப் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தோம் என்றேன். நீங்கள், “அப்ப ஆடிட்டிருந்தவங்க?” என்று கேட்டீர்கள். கும்பகோணத்திலேயே பிறந்து வளர்ந்த எனக்கு அதற்குச் சரியான பதில் தெரிந்திருக்கவில்லை. நூலகத்தில் அவர்களைப் பற்றிய புத்தகங்களுக்கும் நான் எண் போட்டிருந்தேன்.

நான் வந்த இரண்டாம் வருஷம் ஆகஸ்டில் உங்களுக்கு அபுதாபியிலிருந்து கடிதம் வந்தது. ஒரு ஹோட்டல் உணவகத்தில், ரம்ஜான் முடிந்ததும் தொடங்கி ஒரு வருஷ ஒப்பந்தம். ஐந்து வாத்தியக்காரர்கள், நேரில் வாசிக்கும் தப்லா. ஆங்கிலக் கடிதங்களை நீங்கள் என்னிடம்தான் கொண்டுவருவீர்கள். ஒவ்வொரு வரியாகப் படித்து அர்த்தம் சொன்னேன். இரண்டு நிபந்தனைகள் இருந்தன. நம் கம்பெனி உங்களை விடுவிக்க ஆட்சேபணை இல்லை என்று கடிதம் தர வேண்டும். உங்கள் கலைஞர் பர்மிட் அட்டையில் எந்தக் குற்றக் குறிப்பும் ஏறியிருக்கக் கூடாது. உங்களுக்கு அப்போது நாற்பத்துநாலு வயது. இதற்குப் பிறகு யாரும் கூப்பிட மாட்டார்கள் என்று நீங்களே சொன்னீர்கள், வருத்தமில்லாமல், மழை வராது என்று சொல்வதைப் போல. “சிடி எனக்காக நிக்காது உஸ்தாஸ். மனுஷன் நிப்பான். ஒரு வருஷம் மனுஷனோட ஆடிட்டா போதும்.” போதும் என்பதை மட்டும் தமிழில் சொன்னீர்கள்.

இனி அந்தப் புதன்கிழமை.

மேனேஜர் விடுமுறையில் கேரளாவுக்குப் போயிருந்தார். கேம்ப் என் கையில். நபிகள் விண்ணேறிய மிஃராஜ் நாளை முன்னிட்டு வியாழக்கிழமை விடுமுறை, இசையும் ஆட்டமும் கூடாது என்று ஆபீஸிலிருந்து தகவல் வந்திருந்தது. ஊரிலிருந்து கொண்டுபோன நாள்காட்டியில் வியாழக்கிழமைத் தாளில் ‘ஆட்டம் இல்லை’ என்று சிவப்பு மையில் எழுதி வட்டமிட்டேன். புதன்கிழமைத் தாளில் நாற்பது பேர் என்று குறித்தேன். ஒரு மருந்துக் கம்பெனியின் ஆட்கள். அன்றே விமானம் ஏற வேண்டியவர்கள். அதனால் ஆட்டத்தைச் சூரியன் மறைந்த உடனே வைத்தேன். நாள் என்பது காலையில் பிறக்கிறது என்று என் உடம்பே நம்பிக்கொண்டிருந்தது. பஞ்சாங்கம் அப்படித்தான் சொல்கிறது; தாளைக் கிழிப்பதும் காலையில்தான். முஸ்லிம்களுக்கு நாள் மாலையில் தொடங்குகிறது என்பதைப் படித்திருந்தேன். படித்ததைத் தேவைப்படும் நேரத்தில் எடுக்கத் தெரியாதவன் எதற்கு நூலகத்தில் இருந்தான் என்று இன்றுவரை தெரியவில்லை.

செப்டம்பர் வெக்கை. மணல்மேடுகளின் பின்னால் சூரியன் போனது. கான் பாய் வண்டிக்குப் பின்னால் பாயை விரித்துத் தொழுதுவிட்டு, பாயைச் சுருட்டிக்கொண்டே என்னிடம் வந்தார். மேடையில் விளக்கு எரிவதைப் பார்த்தார்.

“மாஸ்டர்ஜி, ஆஜ் மியூசிக்?” என்றார், இன்றைக்குமா என்பதுபோல.

நாளைக்குத்தான் இல்லை, வியாழக்கிழமை, என்று நாள்காட்டியைக் காட்டினேன். அவர் அதைப் பார்க்கவில்லை. மேற்கே கை நீட்டினார். சூரியன் போயாச்சு, வியாழக்கிழமை வந்தாச்சு என்று இந்தியில் நிதானமாகச் சொன்னார்.

எனக்குப் புரிந்துவிட்டது. அதை இங்கே தெளிவாக எழுத வேண்டும். அந்த நொடியிலேயே, முழுவதுமாகப் புரிந்துவிட்டது. நாற்பது பேர் தட்டோடு மேடையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். எழுந்துபோய், என் தவறு, இன்று ஆட்டம் இல்லை என்று சொல்லியிருந்தால் கொஞ்சம் முணுமுணுத்திருப்பார்கள், அவ்வளவுதான். மேனேஜருக்கு ஒரு முறை போன் செய்தேன். கிடைக்கவில்லை. இரண்டாவது முறை செய்யவில்லை. கான் பாய் இன்னும் நின்றுகொண்டிருந்தார். ஆபீஸில் பர்மிஷன் வாங்கியாச்சு என்றேன். வாயிலிருந்து அது அவ்வளவு சுலபமாக வந்தது எனக்கே வியப்பாக இருந்தது. “அச்சா,” என்றார். போய் வண்டிக்குள் உட்கார்ந்து கண்ணாடிகளை ஏற்றிக்கொண்டார்.

சேவியர் எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, “எதுக்கு சாரே இப்பிடி வெப்ராளப்படுதிய? மொகமெல்லாம் வெளிறிப் போச்சே. பொண்ணு பாக்க வந்தவன் மாதிரி நிக்கிய,” என்றான். அவனிடம் ஒன்றுமில்லை என்றேன்.

பிறகு நீங்கள் வந்தீர்கள். ஆட்ட உடைக்கு மேல் கறுப்பு அங்கி. இன்று என்ன இரவு என்று தெரியும்தானே என்று கேட்டீர்கள். என் அம்மா இந்த இரவில் ஆட மாட்டாள், ஆனால் கம்பெனியின் கடிதம் எனக்கு வேண்டும், மறுத்துப் பேச இது நேரமில்லை என்றீர்கள். அதன்பின் என் கண்ணைப் பார்த்தீர்கள்.

“பர்மிஷன் இருக்கா உஸ்தாஸ்?”

“இருக்கு.”

“பேப்பர்ல?”

“பேப்பர்ல.”

“நீங்க சொன்னா சரி. எல்லாத்தையும் எழுதி வைக்கிற ஆள் நீங்க,” என்று சொல்லி அங்கியைக் கழற்றி என் நாற்காலியில் போட்டுவிட்டு மேடையேறினீர்கள்.

அன்று நீங்கள் எப்படி ஆடினீர்கள் என்று என்னால் சொல்ல முடியாது. தோளைப் பார்த்தேன், ஆனால் பார்க்கவில்லை. காதெல்லாம் மணல்மேட்டுப் பக்கம் இருந்தது. தப்லா பகுதி வந்தது. நீங்கள் நின்றீர்கள். நிறுத்தினேன். ஒன்று. இரண்டு. மேட்டின் உச்சியில் இரண்டு வெள்ளை விளக்குகள் ஏறின. நம் வண்டிகள் எல்லாம் உள்ளேதான் நின்றன. மூன்று. நான்கு. உங்கள் தோள் இறங்கியது. பழக்கத்தில் என் விரல் அழுத்திவிட்டது. அந்த அமைதியிலேயே விட்டிருக்கலாம். வெறும் மேளம் மட்டும் பாலைவனம் முழுக்கக் கேட்டது. சேவியர் நிலைமையைப் புரிந்துகொண்டு ஜெனரேட்டரை அணைத்தபோது வண்டி வாசலுக்கே வந்துவிட்டது.

வந்தவர்கள் பர்மிட் அலுவலகத்து ஆய்வாளர்கள் இரண்டு பேர். மரியாதையானவர்கள். குரலைக்கூட உயர்த்தவில்லை. டார்ச் வெளிச்சத்தில் உங்கள் பர்மிட் அட்டையை வாங்கிப் பார்த்தார்கள். இந்த இரவில் ஆடலாம் என்று சொன்னது யார் என்று இளையவர் அரபியில் கேட்டார். யார் என்ற சொல் எனக்குத் தெரியும். திரும்பி என்னைப் பார்த்தீர்கள். அங்கியை இழுத்துப் போர்த்திக்கொண்டு அசையாமல் நின்றீர்கள். எனக்கு அந்த நிற்றலைத் தெரியும். இரண்டு வருஷம் பார்த்த நிற்றல் அது. என்னை அறியாமல் எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. உங்கள் இடது தோள் இறங்கியது.

நான் உள்ளே வரவில்லை.

“ஹலஸ்,” என்றீர்கள், என்னைப் பார்த்து அல்ல. போதும் என்பதற்கு உங்கள் சொல் அது. பிறகு அவர்களிடம் நீங்கள் ஏதோ சொல்ல, இளையவர் உங்கள் அட்டையில் குறிப்பு ஏற்றினார். நான் யாரையும் கேட்கவில்லை, நான் எகிப்துக்காரி, இது என்ன இரவென்று எனக்கே தெரிந்திருக்க வேண்டும் என்று நீங்கள் சொன்னதாக, அதற்குள் வண்டியிலிருந்து இறங்கி வந்திருந்த கான் பாய் மறுநாள் சொன்னார். சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. என்னிடம் அதற்குப் பிறகு அவர் மாஸ்டர்ஜி என்று சொன்னதும் இல்லை.

இன்னொன்றும் இருக்கிறது. இது உங்களுக்குத் தெரியாமல் போயிருக்கலாம். மேனேஜர் வெள்ளிக்கிழமை போனில் பிடித்தார். ஆபீஸுக்கு ஒரு அறிக்கை வேண்டும் என்றார். ‘நடனக் கலைஞர் அனுமதி உள்ளதா என்று விசாரிக்காமல் தாமாகவே ஆடினார்’ என்ற பொருளில் ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல நான் தட்டச்சு செய்தேன். அவருடைய வாக்கியம் கொஞ்சம் சிதைந்திருந்தது. அதைத் திருத்தி நன்றாக எழுதினேன்.

அன்று மாலை கான் பாயிடம் போய், அவளிடம் சொன்னது நான்தான் என்பதை அரபியில் எப்படிச் சொல்வது என்று கேட்டேன். அவர் சொன்னார். அனா குல்த் லஹா. மூன்றே சொற்கள். தமிழ் எழுத்தில் ஒரு தாளில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். சனிக்கிழமை பஸ் ஏறி பர்மிட் அலுவலகத்தின் வாசல்வரை போனேன். எதிரில் இருந்த பஸ் நிறுத்தத்தில் பன்னிரண்டு மணிவரை நின்றேன். உச்சரிப்பு சரியாக இருக்கிறதா என்று சொல்லிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். சரியாகத்தான் இருந்தது. அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டேன்.

இரண்டு வாரம் கழித்து உங்கள் உடைப்பெட்டிகளை எடுத்துக்கொள்ள வந்தீர்கள். கையில் அபுதாபிக் கடிதம். வழக்கம்போல அதை என்னிடமே நீட்டினீர்கள். படித்தேன். வருந்துகிறோம் என்று தொடங்கியது. காரணம் என்ன போட்டிருக்கிறது என்று கேட்டீர்கள். பர்மிட் என்றேன். கடிதத்தை மடித்துக் கைப்பையில் வைத்தீர்கள். சேவியர் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு முன்னால் போனான். நீங்கள் என் மேசையின் எதிரில் நின்றீர்கள்.

“அன்னைக்கு நான் கேட்டப்பவே உங்களுக்குத் தெரியுமா உஸ்தாஸ்?”

தாள் சட்டைப்பையில்தான் இருந்தது. நீங்கள் காத்திருந்தீர்கள். பிறகு, கோபமே இல்லாமல், பாதி சிரித்தபடி சொன்னீர்கள்: “நாலு எண்ணியாச்சு.”

போய்விட்டீர்கள். கெய்ரோவில் நீங்கள் ஆடவில்லை, உறவுக்காரர் ஒருவரின் துணிக்கடையில் உட்கார்ந்திருந்தீர்கள் என்று எப்போதோ கேள்விப்பட்டேன். நான் அதே கேம்ப்பில் இன்னும் மூன்று வருஷம் இருந்தேன். என்னை யாரும் எதுவும் சொல்லவில்லை. சேவியர் மட்டும் ஒருநாள் சோற்றைப் பிசைந்துகொண்டே, “நீங்க அன்னைக்கி ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம் சாரே,” என்றான். அதன்பின் அந்தப் பேச்சை எடுத்ததில்லை. உங்களுக்குப் பின் வந்த பெண் மேளத்தின் நடுவில் நிற்பதில்லை. சிடியைப் போட்டுவிட்டு நான் சும்மா உட்கார்ந்திருந்தால் போதுமானதாக இருந்தது.

தாளை மாலையில் கிழிக்கத் தொடங்கியது அந்த வியாழக்கிழமைதான். இதனால் யாருக்கும் ஒரு பயனும் இல்லை என்று தெரியும். பிழை இல்லாத இடத்தைத் திருத்திவிட்டு, பிழையை அப்படியே விட்டுவைக்கிற என் பழைய வழக்கம் இது. தவறு நாள்காட்டியில் இல்லை. அது கான் பாய் மேற்கே கை காட்டிய பிறகு நடந்தது.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே அந்த மூன்று சொற்களையும் வாய்விட்டுச் சொல்லியிருக்கிறேன் போலும். பால் தம்ளரோடு வந்த மருமகள் நின்றாள்.

“என்ன மாமா சொன்னீங்க? என்ன பாஷை அது?”

ஒன்றுமில்லை என்று சொல்ல வாய் எடுத்தேன். அவள் தம்ளரை மேசையில் வைத்துவிட்டுப் போகாமல் நின்றாள். ஒன்று. இரண்டு. மூன்று.

“உக்காரும்மா,” என்றேன். “நான் ஏன் சாயந்திரமே தாளக் கிழிக்கிறேன்னு கேட்டியே. துபாய்ல ஒரு அம்மாகிட்ட நான் ஒரு பொய் சொன்னேன்.”